நிறத்தைக் கடைசியாகப் பார்

மேட்டூர்

அன்புள்ள யாழினி,

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பா மீன் வாங்கித் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். ஆஸ்காரா, ஃபிளவர்ஹார்னா, ஏஞ்சலா என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே சிக்லிட் குடும்பத்து மீன்கள். போன லீவில் இங்கே அணைப் பக்கம் பொரித்துத் தின்றோமே, ஜிலேபி மீன், அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவின் திலாப்பியா அது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். குஞ்சுகள் வெளியே நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து என்று பட்டால் அத்தனையையும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். சிக்லிட்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இப்படிப் பிள்ளைகளைக் காப்பவை. இடத்துக்குச் சண்டை போடும், சோறு போடுகிற ஆளை அடையாளம் காணும். நம் நாட்டுக்கே உரிய சிக்லிட்கள் மூன்றே மூன்று. அதில் ஒன்று கேரளத்தின் மாநில மீனான கரிமீன்.

நீ கேட்டது எந்த மீன் என்று. நான் முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். சேலம், நாமக்கல் பக்கம் பூமிக்கு அடியில் பாறை. சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிற சுரங்கத்தைப் பார்த்திருப்பாய். அந்தக் கல்லில் இருப்பது மெக்னீசியம். பாறையில் ஊறிய போர் தண்ணீர் உப்புகளைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது. உங்கள் வீட்டுக் குழாய் வாயிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். மலாவி ஏரியின் மஞ்சள், நீல மீன்களுக்கு இந்தக் கடினத் தண்ணீர் பிடிக்கும். டிஸ்கஸ் என்கிற மீனுக்கு ஆகாது, அதைக் கேட்கவே கேட்காதே. பண்ணையில் பிறந்து வளர்ந்த ஏஞ்சலும் ஆஸ்காரும் பழகிக்கொள்ளும். குழாயில் வரும் காவிரிக் குடிநீரை ஊற்றுவதானால் திறந்த வாளியில் ஒருநாள் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்று.

அடுத்தது இடம். ஆஸ்கார் விரல் நீளத்தில் விற்கும்போது ரொம்ப அழகு. அது ஓரடிக்கு வளரும் மீன். அதற்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வேண்டும்; சுமார் 255 லிட்டர் பிடிக்கும். தண்ணீரே 255 கிலோ, உங்கள் ஹாலில் அதற்கு இடமில்லை. வளர்ந்த பிறகு ஏரியிலோ காவிரியிலோ விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் நீரில் அந்நிய மீன்கள் இப்போதே அதிகம். ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து உருவாக்கிய மீன். துணை மீனை விட்டுவைக்காது. வீட்டுக்கு ராசி என்பதற்காக ஓர் உயிரை வாங்குவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. உங்கள் ஹாலில் 2 அடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி வைக்கலாம்; ஏறக்குறைய 85 லிட்டர் பிடிக்கும். அதற்கு ஏஞ்சல்தான் சரி. நான்கு குஞ்சுகள் வாங்கு. பெரிதாகி இரண்டு மட்டும் ஜோடி சேர்ந்து மற்றவற்றைத் துரத்த ஆரம்பித்தால், மிச்ச இரண்டையும் கடையில் கொடுத்துவிடலாம்.

தொட்டியை இப்போதே நிரப்பி பில்டரை ஓட விடு. தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போடு. அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு வாரமாவது ஆகும். மார்கழி ராத்திரியில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இறங்கும், ஏஞ்சலுக்கு 25க்கு மேல் வேண்டும். அதனால் 100 வாட் ஹீட்டர் ஒன்றும் வாங்கச் சொல்.

இனி கடைக்குப் போகலாம். புதன்சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, அப்புறம்தானே விலை பேசுவார்கள்? மீனுக்கும் அதே நிதானம் வேண்டும். நிறத்தைக் கடைசியாகப் பார். ஹார்மோன் கலந்த தீவனத்தால் குஞ்சிலேயே நிறம் ஏற்றுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அது வெளுத்துவிடும். பேரட் மீனுக்குச் சாயம் ஏற்றுவதும், இதய வடிவம் வரட்டும் என்று குஞ்சிலேயே வாலை வெட்டுவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட மீனை, பாவம் என்று நினைத்துக்கூட வாங்காதே. வாங்குகிற ஆள் இருக்கும்வரை வெட்டுவார்கள்.

முதலில் ஒரு மீனைப் பார்க்காமல் தொட்டி முழுவதையும் பார். ஒன்று செத்துக் கிடந்தாலோ, ஒன்றின் துடுப்பில் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, அந்தத் தொட்டியில் எந்த மீனும் வேண்டாம். பிறகு, உடல் மட்டும் பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள குஞ்சுகளைத் தேடு. முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே தொங்கும் இரண்டு இழைகளும் ஒரே நீளமாக, வளையாமல் இருக்க வேண்டும். செவுள் மூடி இரண்டு பக்கமும் முழுதாக மூடுகிறதா, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக மூச்சு வாங்குகிறதா என்று கவனி. உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெரிதாகத் தெரிந்தால், அது சிறிய மீன் அல்ல, வளர்ச்சி நின்றுபோன மீன். உடம்பு நின்றாலும் கண் வளர்ந்துகொண்டே இருக்கும். மீன் உன் பக்கம் திரும்பும்போது முன்னாலிருந்து பார்; நெற்றியோ வயிறோ ஒட்டி, கத்தி முனைபோல் தெரிந்தால் விட்டுவிடு. வெள்ளை நூலாகக் கழிவு தொங்கினாலும் குடலில் நோய் இருக்கக்கூடும்.

கடைசியாக, "அண்ணா, கொஞ்சம் தீனி போடுங்க" என்று கேள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஓடி வந்து கவ்வுகிற நான்கை எடு. சென்னை கொளத்தூரிலிருந்து சரக்கு எப்போது வந்தது என்றும் கேள். நேற்று இறங்கிய சரக்கு என்றால் ஒரு வாரம் பொறுத்துப் போ. பயணத்தில் பட்ட நோய் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கவரைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடு. கவருக்குள் மீன் விட்ட மூச்சால் தண்ணீர் கொஞ்சம் புளித்திருக்கும், அதனால் அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். நம் காரத் தண்ணீர் சேர்ந்தால் அது ஏறிவிடும். ஆகவே பிரித்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடு, கடைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடு. அன்றைக்கு லைட் போடாதே, தீனியும் வேண்டாம். கோடுகள் வெளுத்து மூலையில் ஒண்டினால் பயப்படாதே, இடம் புதுசு. மறுநாள் காலையில் நான்கும் தின்னுமளவுக்குச் சின்ன உருண்டைத் தீவனம் போடு. நாமக்கல்லில் கோழி ஈரல் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதைக் கொடுக்காதே. அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது.

கடைக்குப் போகிற அன்று எனக்கும் சொல், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா