படத்தையும் அட்டவணையையும் கண்டு பயம் வேண்டாம்

மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளிநாடு செல்ல விரும்பும் நம் பிள்ளைகள் பலர் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள். தேர்வுக் கட்டணம் சிறிய தொகை அல்ல. மதிப்பெண் குறைந்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். எனவே, கவனக்குறைவால் மதிப்பெண் போகாமல் இருக்க, ஒரு பாடத்தை இம்மாதம் பார்ப்போம்.

அகாடமிக் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 3 கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். கேள்விக்கு 1 மதிப்பெண். சராசரியாக 23 விடைகள் சரியானால் 6 பேண்டும், 30 சரியானால் 7 பேண்டும் கிடைக்கின்றன. இடையில் இருப்பது 7 விடைகளே.

படத்திலோ அட்டவணையிலோ உள்ள காலி இடங்களை நிரப்பும் கேள்வி வந்தால், இந்த வரிசையில் செல்லுங்கள்.

1. முதலில் கட்டளையைப் படியுங்கள். 'இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்' என்று இருந்தால், மூன்று சொல் எழுதிய விடை தவறாகிவிடும்.

2. கட்டுரைக்குப் போகுமுன் படத்தைப் பாருங்கள். அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அட்டவணை என்றால் மேலே உள்ள தலைப்பையும் இடப்பக்கத் தலைப்பையும் சேர்த்துப் படியுங்கள். காலி இடத்துக்கு வேண்டியது ஆண்டா, எண்ணா, பொருளின் பெயரா என்பது தெரிந்துவிடும்.

3. பிறகு கட்டுரையில் அந்தப் பகுதியைத் தேடுங்கள். இவ்வகைக் கேள்விகளின் விடைகள் பெரும்பாலும் ஒரே பகுதியில் இருக்கும். ஆனால் வரிசையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஆற்று நீர் முதலில் 'செட்லிங் டேங்க்' என்ற தொட்டிக்கு வருகிறது. சேறு அடியில் தங்குகிறது. பின்பு 'சாண்ட்', 'கிராவல்' அடுக்குகள் வழியே வடிகிறது. கடைசியில் 'குளோரின்' சேர்க்கப்படுகிறது. கட்டுரை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். படத்தில் இரண்டாம் கட்டத்தில் 'சாண்ட் அண்ட்' என்று அச்சிட்டு, அதன் பக்கத்தில் காலி இடம் விட்டிருக்கிறார்கள். விடை 'கிராவல்' மட்டுமே. அவசரத்தில் 'சாண்ட் அண்ட் கிராவல்' என்று முழுவதையும் எழுதும் பிள்ளைக்கு, பொருள் நன்றாகப் புரிந்திருந்தும், மதிப்பெண் கிடைக்காது.

4. கட்டுரையிலிருந்து எடுத்து எழுதச் சொல்லியிருந்தால், அங்குள்ள சொல்லை அப்படியே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் விடை தவறு. ஒருமை, பன்மையையும் சரிபாருங்கள்.

5. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள். தாளில் எழுதுவோருக்கு விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நீங்கள் உதவலாம். பிள்ளை பயிற்சி செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லுங்கள். முடித்ததும், "கட்டளையில் எத்தனை சொல் கேட்டார்கள், நீ எத்தனை எழுதினாய்?" என்று மட்டும் கேளுங்கள். தினமும் ஒரு படம் அல்லது ஓர் அட்டவணை பழகினால் போதும். இன்ஷா அல்லாஹ், தேர்வு நாளில் பிள்ளை தடுமாற மாட்டான். மகளாக இருந்தாலும் அப்படியே.