புள்ளிகளால் அமைந்த பகைவர்

திண்டுக்கல் வீதிகளில் மார்கழி வைகறையில் பெண்டிர் புள்ளியிட்டுக் கோலம் வரைதலைக் கண்டிருப்பீர்கள். அங்ஙனமே ஜப்பான் நாட்டுப் பொறியாளர் டொமோஹிரோ நிஷிகாடோ, ஒளிப்புள்ளிகளை அடுக்கி, 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் திரைவிளையாட்டுக்கு உருவங்கள் சமைத்தார். முதலில் மனித உருவங்களையே கருதினார். மனிதரைச் சுடுதல் விளையாட்டாயினும் தகாது என்று நிறுவனத்தார் தடுத்தனர். அத்தயக்கம் பின்வந்தோர் பலரிடம் இல்லை! ஆகவே, எச்.ஜி. வெல்ஸ் கதையின் செவ்வாய்க்கோள் உயிர்களை எண்ணிப் பேய்க்கணவாயை வரைந்தார். கணவாயும் நண்டும் தொடர்ந்தன. இவற்றையெல்லாம் பிற்காலப் பேட்டிகளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

பகைவர் 55 பேர். பொறியோ ஒரு நேரத்தில் ஓர் உருவத்தையே நகர்த்த வல்லது. ஆதலின், பகைவர் வீழ வீழ எஞ்சியோர் விரைந்தனர். அக்குறையைக் கண்டும் அவர் திருத்தாது விட்டார். ஆடுவோர் நெஞ்சு படபடத்தது அவ்விரைவினாலேதான்.