சங்கத்துக்கு ஒரு ஒலிபெருக்கி: பயன்படுத்துதலும் பழுது பார்த்தலும்

பாடத்தின் நோக்கம்: கம்பியில்லாச் சிறு ஒலிபெருக்கி இயங்கும் விதத்தை அறிதல், சாதாரண கோளாறுகளை நாமே நீக்குதல், அவசர வேளைக்கு அதை ஆயத்தமாக வைத்திருத்தல்.



அன்புவழிபுரத்தில் எமது மாதர் சேமிப்புக் குழுவின் கூட்டமொன்றில் டெங்கு பற்றிய பத்து நிமிட ஒலிப்பதிவைக் கேட்பிக்க எண்ணியிருந்தோம். ஒலிபெருக்கியைப் போட்டதும் சினிமாப் பாட்டு முழங்கியது. பக்கத்து வளவிலிருந்த தம்பியின் தொலைபேசி எமக்கு முன்பே அதனுடன் இணைந்துவிட்டது. எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள் பற்றரி இறங்கி, பாட்டும் நின்றுபோனது. "பழுதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்குவோம்" என்றார் பொருளாளர் அக்கா. மறுநாள் பார்த்தபோது கருவியில் ஒரு பழுதும் இருக்கவில்லை. எமது அறியாமையால் சேமிப்புப் பணம் வீணாகப் போக இருந்தது. அன்று நாம் கற்றவற்றையும் பின்னர் விசாரித்து அறிந்தவற்றையும் இங்கே தருகிறோம்.

1. இது எவ்வாறு இயங்குகிறது?

தொலைபேசியிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒலியைக் கொண்டுசெல்வது புளூடூத் எனும் வானொலி அலை. அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செல்வது. சிறிய கருவிகளில் திறந்த வெளியில் ஏறக்குறைய 10 மீற்றர் வரை நம்பலாம். சுவரும் தகரமும் மட்டுமல்ல, இடையில் நிற்கும் மனித உடலும் அதைத் தடுக்கும். எனவே தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தால் ஒலி விட்டுவிட்டு வரும். இதற்கு இணைய வசதி தேவையில்லை. டேட்டா முடிந்தாலும், தொலைபேசியில் முன்கூட்டியே சேமித்த ஒலிப்பதிவு ஒலிக்கும்.

2. எங்கே வைப்பது?

நாம் அநேகமாகச் செய்யும் தவறு, கருவியை நிலத்தில் வைத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவதாகும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீற்றரில் 84 டெசிபலாக இருப்பது 2 மீற்றரில் 78, 4 மீற்றரில் 72, 8 மீற்றரில் 66 ஆகிவிடும். ஆகவே, சத்தத்தைக் கூட்டுவதைவிடக் கருவியைக் கேட்பவர்களுக்கு அருகே கொண்டுசெல்வதே நல்லது. அமர்ந்திருப்போரின் தலைக்குச் சற்று மேலே, மேசையிலோ யன்னல் கட்டிலோ வையுங்கள். காது மந்தமான முதியோரை அதன் பக்கத்தில் அமர்த்துங்கள். முழுச் சத்தத்தில் பேச்சு கரகரக்கும். பற்றரியும் விரைவில் இறங்கும். முக்கால் பங்கு போதும்.

ஒலிவாங்கி பாவிக்கும்போது "கீ...." என்று கூவினால், ஒலிவாங்கிக்குள் அதன் ஒலியே மீண்டும் புகுகிறது என்று பொருள். பேசுபவர் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

3. பழுது பார்க்கும் ஒழுங்கு

கருவியைக் கழற்றுவதற்கு முன் பின்வருவனவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

அ) உயிரே இல்லை: முதலில் வயரை மாற்றுங்கள், அடுத்து சார்ஜரை மாற்றுங்கள். நாம் பார்த்தவற்றில் அதிகம் பழுதானது வயரே. நெடுநாள் கிடந்த கருவியை அரை மணித்தியாலம் மின்னேற்றிய பின்னரே முடிவுக்கு வாருங்கள்.

ஆ) தொலைபேசி அதைக் காணவில்லை: அது வேறொருவரின் தொலைபேசியுடன் இணைந்திருக்கலாம். பெரும்பாலான சிறு கருவிகள் ஒரு வேளையில் ஒருவருக்கே பாடும். அவரது புளூடூத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இ) முன்பு இணைந்தது, இப்போது மறுக்கிறது: தொலைபேசியின் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிவிட்டு, புதிதாக இணையுங்கள்.

ஈ) இணைந்தும் சத்தமில்லை: தொலைபேசி, ஒலிபெருக்கி இரண்டிலும் சத்த அளவைப் பாருங்கள். கருவி வானொலியிலோ மெமரி கார்ட்டிலோ நிற்கிறதா என்றும் பாருங்கள்.

உ) வானொலி இரைகிறது: பல மலிவான கருவிகளில் மின்னேற்றும் வயரே அன்ரனாவாகவும் வேலை செய்யும். அதைச் செருகி நீட்டிவிடுங்கள்.

இவை எல்லாம் செய்தும் பயனில்லையென்றால் மட்டுமே திருத்துநரிடம் கொண்டுசெல்லுங்கள்.

4. பற்றரியும் உப்புக்காற்றும்

இக்கருவிகளில் இருப்பது லிதியம் அயன் பற்றரி. வெப்பமே அதன் முதல் எதிரி. வெயிலில் நிறுத்திய முச்சக்கரவண்டிக்குள்ளும், அடுப்படியிலும், தகரக் கூரைக்குக் கீழேயும் வைக்காதீர்கள். முற்றாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் பற்றரி மீளாது. பாவிக்காத காலத்தில் பாதியளவு மின்னேற்றி, மாதம் ஒருமுறை பாருங்கள்.

பற்றரி வீங்கினால், அல்லது தொட முடியாதபடி சுட்டால், பாவனையை உடனே நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அமத்தவோ கூடாது, தீப்பற்றும். குப்பையுடன் எரிப்பதும் ஆபத்து. பிள்ளைகளுக்கு எட்டாமல், எரியும் பொருட்களுக்கு அப்பால் வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். படுக்கையருகே இரவு முழுவதும் மின்னேற்றும் பழக்கத்தையும் கைவிடுவோம்.

கடற்கரையில் வாழும் எமக்கு உப்புக்காற்றும் ஒரு பிரச்சினை. மின்னேற்றும் துவாரத்தின் மூடியை எப்போதும் மூடி, ஈரமற்ற துணியால் துடையுங்கள். பெட்டியில் 'ஐபிஎக்ஸ்7' என்றிருந்தால், ஒரு மீற்றர் நன்னீரில் அரை மணித்தியாலம் தாங்கும் எனச் சோதிக்கப்பட்டது என்பதே பொருள். கடல்நீருக்கு அந்த உறுதி இல்லை.

5. அயலவரும் சட்டமும்

ஒலிபெருக்கி, எமது நற்செய்தியை அயலவரின் தொல்லையாகவும் மாற்றிவிடக்கூடியது. 2007ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனக் கட்டளையிட்டது. விசேட சமய விழாக்கள் போன்றவற்றுக்கு மட்டுப்படுத்திய விலக்கு உண்டு. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் யாவும் இதற்குள் அடங்கும். சட்டம் ஒருபுறமிருக்க, அடுத்த வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும், நோயில் கிடக்கும் முதியவரையும் நினைத்துக்கொள்வது எமது கடமை. செபக்கூட்டத்தின் ஒலி வளவைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை.

6. அவசர வேளையில்

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் அலை எமது கரையை அடைந்ததற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலமளவு இருந்தது. ஆனால் செய்தி எவரையும் வந்தடையவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது முன்னறிவித்தல் கிடைத்தது. எனினும் மின்சாரம் நின்று, தொலைக்காட்சி அணைந்த வீட்டுக்கு அச்செய்தியை யார் கொண்டுசெல்வது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், இச்சிறு கருவி ஊர் முழுவதற்கும் கேட்காது. ஆனால் வானொலியுள்ள கருவியானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலைக் கேட்கலாம். அதைக் கையிலெடுத்துச் சென்று ஒழுங்கைக்கு ஒழுங்கை அறிவிக்கவும் உதவும். அந்த நாளில் பற்றரி இறங்கியிருந்தால் அது வெறும் பெட்டிதான். புயலும் மழையும் மிகுந்த ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வாரந்தோறும் மின்னேற்றிப் பரிசோதிப்பது அவசியம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர் யார்? அவர் ஊரில் இல்லாதபோது யார்?

2. எமது ஒழுங்கையில் காது கேளாதோர், தனித்து வாழ்வோர் எவர்? ஒலி எட்டாத அவர்களுக்குச் செய்தி சொல்லப் போவது யார்?

3. கடந்த வருடம் 'பழுது' என்று நாம் எறிந்த பொருட்களில் எவற்றைத் திருத்தியிருக்கலாம்?

செய்ய வேண்டியது: அடுத்த கூட்டத்துக்கு முன் கருவியை முழுதாக மின்னேற்றி, எத்தனை மணித்தியாலம் ஒலிக்கிறது என்று அளந்து, அதன் அடியில் ஒட்டி வையுங்கள். அவசர அழைப்பு இலக்கமான 117ஐயும் அருகில் எழுதிவிடுங்கள். பாட்டுக் கேட்க வாங்கிய பெட்டி ஒருநாள் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.