வளைவில் காலை எடுக்காதீர்கள்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

இங்கிலாந்தில் குடியிருக்கும் நீங்கள் 1968ஆம் ஆண்டு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வளைவில் பின்பக்கம் எழும்புவது போலிருக்கிறது, கெட்டியான ஷாக் அப்சார்பர் மாட்டினால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. அந்தக் காசை அப்படியே வைத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் காரின் அடிப்பகுதி 1959இல் கவென்ட்ரியில் பிறந்த ட்ரயம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்த அழகான உடலை அதன் மேல் பொருத்தித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். டிஃப்பரன்ஷியல் சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகப் போகும் அச்சுத்தண்டின் உள்முனையில் மட்டுமே யுனிவர்சல் ஜாயிண்ட் உண்டு. கையைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டி, தோளிலிருந்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். உள்ளங்கையின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் சக்கரமும் அப்படித்தான் அசைகிறது.

நேர்ச்சாலையில் இதனால் தொல்லை இல்லை. வேகமாக ஒரு வளைவில் நுழைந்து, பாதியில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வினை. பாரம் முன்னே சாயும், வால் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். தட்டையாகப் பதிய வேண்டிய டயர் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு போய், வால் வெளியே வீசும். அமெரிக்காவில் 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் செவர்லே கொர்வேர் காரைக் கூண்டில் ஏற்றியதும் இதே வகைப் பின் ஆக்சிலுக்காகத்தான்.

ஷாக் அப்சார்பர் செய்வது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது மட்டுமே. சக்கரம் போகும் பாதையை அது மாற்றாது. மடங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான்.

இந்தக் குறைக்கு மூன்று வழிகள் கண்டிருக்கிறார்கள். முதலாவது நம் ஊர் வழி. சென்னையை அடுத்த வண்டலூரில் ட்ரயம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தவர்கள், 1972இல் அதன் வழிவந்த கெசல் கார் வந்தபோது, இந்தப் பின் ஆக்சிலையே கைவிட்டு ஒரே துண்டான சாதாரண ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது, 1968இல் ட்ரயம்ஃபின் ஜிடி6 மார்க் 2 காரில் செய்தது: கீழே ஒரு விஷ்போன், அச்சுத்தண்டில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் இணைப்பு. மூன்றிலும் சிறந்தது இதுவே. ஆனால் செலவும் பெரிது, ரப்பர் தேயத் தேய மாற்றவும் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது. 1970 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் ‘ஸ்விங் ஸ்பிரிங்’ போட்டார்கள். உங்கள் காரில் குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங், நம் லாரிகளில் பார்க்கும் கமான் பட்டை மாதிரிதான். அதன் பட்டைகள் எல்லாமே டிஃப்பரன்ஷியலோடு சேர்த்து இறுக்கப்பட்டவை. புதியதில் ஒரே ஒரு பட்டைக்குத்தான் அந்த இறுக்கம். மற்றவை தராசுத் தண்டு போல நடுவில் அசையும். இரு சக்கரமும் சேர்ந்து ஏறினால் எல்லாப் பட்டைகளும் பாரம் தாங்கும். வளைவில் கார் சாயும்போது மட்டும் அவை விட்டுக்கொடுக்கும். வால் எழும்புவது வெகுவாகக் குறையும்.

ஒன்றை மறக்காதீர்கள். பின்னே விட்டுக்கொடுத்ததை முன்னே பிடித்து வைக்க வேண்டும். மார்க் 4-இல் முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கியது அதற்காகவே. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கார் தொட்டில் போலச் சாயும்.

இதற்கெல்லாம் முன்னால், இருப்பதைச் சரிபாருங்கள். ரேடியஸ் ஆர்ம் புஷ், ஸ்பிரிங் முனைப் புஷ், யுனிவர்சல் ஜாயிண்ட், சக்கர பேரிங் எல்லாமே ஐம்பது வருஷத்தைத் தாண்டியவையாக இருக்கலாம். புது ரப்பர் புஷ் போட்டால், கார் தன் சக்கரங்களில் நின்ற பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பின் ஹப்பைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயலாதீர்கள். அதற்கென்று புல்லர் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம். ஸ்டாண்டு அவசியம்.

எல்லாம் முடிந்தாலும் மடங்கும் குணம் குறையுமே தவிர முழுக்கப் போகாது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். வளைவுக்குள் காலை எடுக்காதீர்கள். இதற்கு மட்டும் செலவே கிடையாது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்