ஒரே பெயர், இரண்டு மெஷின்: செயின் வாளைக் கம்பனி சத்தமில்லாமல் திருத்துகிறதா?



இந்த முறை நமது பாடம் மரம் அறுக்கும் செயின் வாளைப் பற்றியது. கொழுந்து பறிக்கிற எங்களுக்கு இது எதற்கு என்று சகோதரிகள் கேட்கலாம். இன்று நம் லயங்களில் பல வீட்டுப் பிள்ளைகள் மரம் வெட்டும் கொந்தராத்து வேலைக்கு வெளியூர் போகிறார்கள். தோட்டத்திலும் சவுக்கு, யூக்கலிப்டஸ் வெட்டும்போது இந்த மெஷின்தான் முன்னுக்கு நிற்கிறது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்பது அந்த வீட்டு அடுப்போடும் உயிரோடும் சம்பந்தப்பட்ட காரியம்.

யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் தோட்டத்துத் தம்பி ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். அந்தப் பக்கத்தில், 1990இல் சனம் இடம்பெயர்ந்து போன காணிகள் நீண்ட காலம் பூட்டிக் கிடந்தன. 2015 மார்ச் மாதம் வளலாய்ப் பக்கத்தில் காணிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டபோது, கால் நூற்றாண்டாக வளர்ந்த மரமும் பற்றையும் வளவுகளை மூடியிருந்தன. கத்தியாலும் கோடரியாலும் மட்டும் அதைத் துப்பரவு செய்து முடிக்க முடியாது. செயின் வாள் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருந்தது.

தம்பி எழுதியது இதுதான்: "ஐயா, என்னிடம் உள்ளதும் கூட்டாளியிடம் உள்ளதும் ஒரே கம்பனி, ஒரே மாடல். அவர் என்னை விட இரண்டு வருஷம் பிந்தி வாங்கினார். வெயில் ஏறினால் என் மெஷின் நின்று போகுது. ஆறின பிறகுதான் திரும்ப ஸ்டார்ட் ஆகுது. அவருடையது நிற்பதே இல்லை. எனக்கு மெஷின் பிடிக்கத் தெரியாது என்று சொல்லி என் கூலியில் பிடிக்கிறாங்க. கம்பனிக்காரன் இடையில் ஏதாவது மாத்தியிருப்பானா?"

நல்ல கேள்வி. பதிலும் சுருக்கமானது: ஆம், மாற்றுகிறார்கள். பல தடவை ஊருக்குச் சொல்லாமலே மாற்றுகிறார்கள். எப்படி, ஏன், நாம் என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. மெஷின் வந்த வழி

ஜேர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் ஸ்டில் கம்பனியைத் தொடங்கினார். முதலில் வந்தது இரண்டு பேர் பிடிக்கும் மின்சார வாள். 1929இல் பெற்றோல் வாள் வந்தது. சுவீடனின் ஹஸ்க்வர்னா கம்பனி 1959இல் செயின் வாள் செய்யத் தொடங்கியது. இன்று தொழிலுக்கென்று மெஷின் செய்கிறவர்களில் இந்த இரண்டும் முன்வரிசையில் நிற்கின்றன.

அமெரிக்காவில் ஜோசப் கொக்ஸ் என்ற மரத்தொழிலாளி, ஒரு வண்டின் புழு மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடித்துத் தின்பதைக் கவனித்தார். அதைப் பார்த்து 1946இல் புது மாதிரிச் செயின் பல் ஒன்றை உருவாக்கினார். இன்றும் நம் கையிலுள்ள செயினின் பல் அந்த வழியில் வந்ததுதான். மெஷின் பிடித்த மனுஷனின் கண்ணும் கையும் கண்டுபிடித்த திருத்தம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய மெஷின்கள் கையைப் போட்டு உலுக்கும். வருஷக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து உணர்ச்சி அற்றுப் போனது. தொழிலாளரிடம் இருந்து முறைப்பாடு வந்த பிறகு அதிர்வைத் தாங்கும் ரப்பரும் ஸ்பிரிங்கும் கைபிடியில் வந்தன. ஹஸ்க்வர்னா 1969இல் அப்படி ஒரு வாளையும், 1973இல் தானாக வேலை செய்யும் செயின் பிரேக்கையும் கொண்டு வந்தது. அவை விளம்பரம் செய்து விற்ற முன்னேற்றங்கள். நாம் பேசப்போவது விளம்பரம் இல்லாத முன்னேற்றங்களைப் பற்றி.

2. மூன்று விதமான திருத்தம்

முதலாவது, வெளிப்படையான திருத்தம். ஹஸ்க்வர்னாவின் 550 எக்ஸ்.பி. என்ற மெஷின் இருந்தது. பிறகு அதைத் திருத்தி "மார்க் 2" என்று பெயரோடு சேர்த்து விற்றார்கள். பெயரைப் பார்த்தாலே இது புதியது என்று யாருக்கும் தெரியும்.

இரண்டாவது, பாதி வெளிப்படை. ஸ்டில் கம்பனியின் எம்.எஸ். 200 டி என்ற சின்ன வாள், மரத்தில் ஏறிக் கிளை வெட்டுகிறவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2010களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக எம்.எஸ். 201 டி வந்தது. புகை குறைந்த எஞ்சின்தான், ஆனால் பழையது மாதிரி உடனே இழுக்கவில்லை என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரம் ஏறுகிறவர்கள் முறையிட்டார்கள். காபரேட்டர் மாற்றப்பட்டது. பிறகு கம்ப்யூட்டர் காபரேட்டரோடு, பெயரின் வாலில் இரண்டு எழுத்து மட்டும் கூட்டி, திருந்திய மெஷின் வந்தது. அந்த எழுத்தைக் கவனிக்காதவர் இரண்டும் ஒன்று என்றே நினைப்பார்.

மூன்றாவது, சத்தமில்லாத திருத்தம். ஹஸ்க்வர்னாவின் 560, 562 எக்ஸ்.பி. மெஷின்களை உதாரணமாகச் சொல்லலாம். எரிபொருளைத் தானாகவே சரிசெய்யும் காபரேட்டரோடு இவை வந்தன. ஆரம்பத்தில் வந்த மெஷின்களில் சில, சூடேறிய பின் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுத்தன. காலப்போக்கில் காபரேட்டர் மாறியது, அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கட்டளையும் மாறியது. ஏஜென்டின் வேர்க்ஷொப்பில் வயரை மாட்டிப் பழைய மெஷினுக்கும் புதிய கட்டளையை ஏற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மெஷினின் மேல் மூடியில் எழுதியிருந்த பெயர் மட்டும் மாறவே இல்லை.

நம் தம்பியின் மெஷின் எந்தக் கம்பனி என்பதை நாம் இங்கே எழுதவில்லை. ஒரே பெயரில் இரண்டு மெஷின் இரண்டு விதமாக நடப்பது நடக்கக்கூடியதுதான் என்பதற்காகவே இந்த உதாரணங்களைச் சொன்னோம்.

3. ஏன் சத்தமில்லாமல்?

எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. காரணங்கள் பல.

தொழிற்சாலையில் சின்னச் சின்ன மாற்றம் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். ஒரு ரப்பர் வாசர், ஒரு குழாய், ஒரு ஸ்குரூ. ஒவ்வொன்றுக்கும் பறை அடிக்க முடியாது.

கடைகளில் பழைய சரக்கு கிடக்கும். "புதியது நல்லது" என்று சொன்னால் பழையதை யார் வாங்குவார்கள்?

"முந்தியதில் குறை இருந்தது" என்று எழுத்தில் ஒத்துக்கொண்டால், வாங்கின எல்லோரும் திருப்பிக்கொண்டு வருவார்கள் என்ற பயமும் உண்டு.

இன்னொன்று, புகைக் கட்டுப்பாடு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் சட்டம் இறுக்கியதால் எஞ்சின்கள் குறைந்த பெற்றோலில் ஓட வேண்டி வந்தது. பெற்றோல் குறைந்து காற்றுக் கூடினால் எஞ்சின் அதிகம் சூடேறும், உடனே இழுக்காது. அதனால்தான் புது எஞ்சின்களை விற்ற பிறகும் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

மாற்றம் எல்லாம் முன்னேற்றமும் ஆகாது. செலவைக் குறைக்க மலிவான பாகம் போடுவதும் சத்தமில்லாமல்தான் நடக்கும். ஆகவே "பிந்தியது எப்போதும் நல்லது" என்று கண்ணை மூடி நம்பவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் பிரித்து அறியுங்கள். உயிராபத்துள்ள குறை என்றால் மெஷினைத் திருப்பி அழைத்து, பகிரங்கமாக அறிவித்து, இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். அது வேறு. "மெஷின் சரியாக இழுக்கவில்லை" என்பதற்கு அப்படி அறிவித்தல் வராது. கேட்டவனுக்குத்தான் கிடைக்கும்.

4. இதில் நமக்கு என்ன நட்டம்?

முதலாவது உயிர். பாதி அறுத்த மரத்தில் மெஷின் நின்றுவிட்டால் பார் உள்ளே இறுகிக்கொள்ளும். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. எஞ்சினுக்குள் எங்கேயாவது காற்றுப் புகுந்தால், விசையை விட்ட பிறகும் வேகம் குறையாமல் செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிச் சுற்றும் மெஷினோடு ஓர் அடிகூட நடக்கக் கூடாது.

இரண்டாவது கூலி. கன அடிக் கணக்கில் வேலை செய்கிறவருக்கு மெஷின் நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். கடனுக்கு வாங்கிய மெஷின் என்றால் இரட்டை நட்டம்.

மூன்றாவது பழி. மெஷினின் குறை மனுஷன் தலையில் விழுகிறது. "இவனுக்குத் தெரியாது" என்ற பேச்சு ஒருவருடைய அடுத்த வேலையையும் கெடுக்கும். இதைத்தான் நாம் பெரிதாக நினைக்கிறோம். எழுத்தில் ஆதாரம் இருந்தால் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியும்.

5. முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம்

கம்பனியைக் குறை சொல்வதற்கு முன் இவற்றைச் சரி பாருங்கள்:

- பெற்றோலும் டூ ஸ்ட்ரோக் ஒயிலும் சரியான அளவா? ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டும் தங்கள் ஒயிலுக்கு 50க்கு 1 என்று சொல்கின்றன. அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லி லீற்றர் ஒயில். "கையளவு" வேண்டாம், அளக்கும் போத்தல் வையுங்கள்.
- மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெற்றோலா? அதை மெஷினுக்குப் போட வேண்டாம்.
- காற்று பில்டர் தூசியால் அடைத்திருக்கிறதா?
- செயின் மொட்டையா? மரத்தூள் மாவாக விழுந்தால் மொட்டை. சீவல் சீவலாக விழுந்தால் கூர்.
- பாருக்கு ஒயில் வருகிறதா? செயின் பிரேக் பிடிக்கிறதா?

இவை எல்லாம் சரியாக இருந்தும் அதே குறை திரும்பத் திரும்ப வந்தால்தான் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும்.

காபரேட்டரைக் கழற்றி நாமே "டியூன்" பண்ணுவது வேண்டாம். பெற்றோலைக் குறைத்துவிட்டால் அன்று பாய்ந்து ஓடும். பிறகு பிஸ்டன் இறுகிப் போகும். உத்தரவாதமும் போய்விடும்.

6. இலக்கத்தைப் படியுங்கள்

மெஷினின் உடலில் ஒரு தொடர் இலக்கம் இருக்கும். அதுதான் அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம். ஹஸ்க்வர்னாவில் முதல் நான்கு இலக்கம் செய்த வருஷம், அடுத்த இரண்டு இலக்கம் எத்தனையாவது கிழமை. 201220 என்று தொடங்கினால் 2012ஆம் வருஷத்தின் 20ஆவது கிழமை. ஸ்டில் இலக்கத்தில் வருஷம் நேரே தெரியாது. இலக்கத்தைக் கொடுத்தால் ஏஜென்ட் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏஜென்டிடம் போகும்போது "மெஷின் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்த இலக்கத்துக்குப் பிறகு இந்த மாடலில் ஏதாவது பாகம் மாறியிருக்கா? மாறியிருந்தால் என் மெஷினுக்கும் போடலாமா? செலவு யாருடையது?" பல மெஷின்களுக்குப் புதிய பாகம் அப்படியே பொருந்தும். கேட்டால் கிடைக்கலாம், கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

மலிவாகத் தருகிறேன் என்று கடைக்காரர் பழைய சரக்கைக் காட்டினால், காசு கொடுக்கும் முன் இலக்கத்தைப் பாருங்கள். பெயரும் நிறமும் ஒன்றாக இருக்கும் போலி மெஷின்களும் சந்தையில் உண்டு. அவற்றுக்கு எந்தத் திருத்தமும் எந்தக் காலத்திலும் வராது.

7. ஒரு கொப்பி போதும்

நாம் தம்பிக்கு எழுதிய பதில் இது. பள்ளிக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் மாடல், தொடர் இலக்கம், வாங்கிய திகதி, கடை. இலங்கையில் 2018 பெப்ரவரியில் செயின் வாள்களைப் பொலிஸில் பதிவு செய்யும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. பதிவுத் துண்டு இருந்தால் அதையும் பில்லையும் அதே கொப்பிக்குள் வையுங்கள். பிறகு மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடியது, என்ன மரம், திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதுங்கள். கூட்டாளியையும் அவருடைய மெஷினுக்கு அதேபோல எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறை மெஷினிலா மனுஷனிலா என்பது யாருக்கும் விளங்கும். ஒரு நாள் மெஷினை மாற்றிப் பிடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். கூலி பிடிக்கிறவரிடம் சத்தம் போட வேண்டியதில்லை, கொப்பியைக் காட்டலாம்.

ஏஜென்டும் கடையும் கையை விரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் காலம் தாழ்த்தாமல் எழுத்தில் முறையிடலாம். எழுதத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், நாம் எழுதித் தருகிறோம்.

வெளிநாட்டில் மரம் வெட்டுகிறவர்கள் முறையிட்டதால்தான் மேலே சொன்ன மெஷின்கள் திருந்தின. அவர்கள் வாயைத் திறந்தார்கள், கம்பனி காதைத் திறந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அச்சுவேலியில் வெயிலில் நிற்கும் மெஷினின் சேதி ஜேர்மனிக்கோ சுவீடனுக்கோ தானாகப் போய்ச் சேராது. ஏஜென்டின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஏறினால்தான் போகும்.

கூடிப் பேச

1. உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ ஒரே பெயரில் வாங்கிய இரண்டு சாமான்கள் வேறுவேறாக வேலை செய்ததுண்டா? மருந்து அடிக்கும் பம்ப், குக்கர், எதுவானாலும் சரி.
2. மெஷினின் குறைக்கு ஆள் பழி கேட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியுமா? என்ன ஆதாரம் இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம்?
3. உங்கள் வீட்டில் உள்ள மெஷின்களின் தொடர் இலக்கம் எங்கே எழுதியிருக்கிறது? இன்றே பிள்ளைகளை விட்டுத் தேடி ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.