இரண்டாவது தூரம்

அன்புள்ள கயல்,

மண்டலப் போட்டியில் மூன்று எறியும் ஃபவுலாமே. உங்கம்மா போனில் சொன்னாள். இரண்டு நாளாக நீ யாரோடும் பேசவில்லையாம். பேசாவிட்டால் போகட்டும், இதையாவது படி.

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் 1994இல் பிறந்தவர் ஃபெங் பின். சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ஃபெங் குடும்பப் பெயர், பின் இவர் பெயர். (பெயரில் மட்டும்தான் பின்!) 2016 ரியோ ஒலிம்பிக்கில், 22 வயதில், வட்டு எறிதலில் எட்டாம் இடம். அடுத்த ஒலிம்பிக்கில் இன்னும் மேலே போயிருப்பார் என்றுதானே நினைப்பாய்? டோக்கியோவில் தகுதிச் சுற்றோடு சரி. அங்கேயும் உன்னைப் போல மூன்றே வாய்ப்புதான்.

மறு வருடம், 2022 ஜூலையில், அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலக சாம்பியன்ஷிப். களத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய குரோஷியாவின் சாண்ட்ரா பெர்கோவிச். டோக்கியோவில் தங்கம் வென்று, இப்போது சொந்த நாட்டுக்காரர்கள் முன்னால் நிற்கும் வேலரி ஆல்மன். ஃபெங் பின் முதல் எறியிலேயே 69.12 மீட்டர் போட்டார். அதுவரை அவர் ஆயுளில் தொடாத தூரம். அதன்பிறகு ஐந்து சுற்று மற்றவர்கள் துரத்தினார்கள். பெர்கோவிச் 68.45, ஆல்மன் 68.30. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே ஒன்றரை முழம்தான் கயல், நம் ஊர்ப் பூக்காரம்மா அளந்து கொடுக்கிற அளவு. 2011இல் டேகுவில் வென்ற லி யான்ஃபெங்குக்குப் பிறகு இந்தப் பட்டம் வாங்கிய சீனப் பெண் இவர்தான்.

முதல் எறியை ஜாக்கிரதையாகப் போட்டு ஒரு அளவைப் பதிவு செய்துகொள், பிறகு வேகம் காட்டு என்று உங்கள் பி.டி. சார் சொல்லியிருப்பார். தப்பில்லை. ஆனால் ஜாக்கிரதை என்றால் மெதுவாக என்று நீ எடுத்துக்கொள்கிறாய். கால் மெதுவானதும் தூரத்துக்காகக் கை அவசரப்படுகிறது. ஒரு கிலோ வட்டு கையால் போவதில்லை. காலிலிருந்து இடுப்புக்கு ஏறி, தோள் வழியாகக் கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று. வட்டு கையை விட்டுப் போனாலும் உடம்பின் சுழற்சி போகாது. அதனால்தான் பெரிய வீராங்கனைகள் எறிந்த கையோடு கால் மாற்றி, விளிம்புக்கு உள்ளேயே சுற்றி நிற்கிறார்கள். நீ அந்த நேரத்தில் வட்டு எங்கே விழுகிறது என்று எட்டிப் பார்க்கிறாய். கால் விளிம்பின் மேல் ஏறிவிடுகிறது. அளக்கிறவர்கள் அளக்கட்டும், உனக்கு என்ன அவசரம்?

ஃபெங் பின்னுக்கு வருகிறேன். 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 68.20 எறிந்து வெண்கலம். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 67.93 எறிந்து தங்கம். நம் சீமா பூனியா 58.62 எறிந்து அந்த மேடையில் வெண்கலத்தோடு நின்றார். ஆனால் எனக்குப் பிடித்தது 2024 பாரிஸ்தான். ஆல்மன் 69.50 எறிந்து எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார். ஃபெங் பின் 67.51. கல்யாணத்துக்குப் பிறகு எல்காசெவிச் என்ற பெயரில் ஆடிய பழைய பெர்கோவிச்சும் 67.51! ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அப்படி நேர்ந்தால், அவரவர் இரண்டாவது சிறந்த எறியை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஃபெங் பின்னுடையது நீளம். வெள்ளி அவருக்கு வந்தது. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 67.51 என்றுதான் இருக்கும். பதக்கத்தின் நிறத்தை மாற்றிய எறி அங்கே இருக்காது.

உன் நோட்டை நான் பார்த்தேன். சிறந்த தூரத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதி, கட்டம் கட்டி வைத்திருக்கிறாய். உங்கம்மாவிடம் முப்பது மீட்டர் டேப் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். நாளையிலிருந்து எல்லா எறியையும் அளந்து எழுது. ஃபவுலானால் எந்தக் கால், விளிம்பில் எந்தப் பக்கம் என்று படம் போட்டு வை. பொங்கலுக்கு வரும்போது முதலில் அந்தப் பக்கங்களைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
மாமா