கோடையில் மீன் எங்கே போகிறது? மைத்தான் நீர்த்தேக்கத்தில் ஒரு தூண்டில் பாடம்

மலருக்கு ரயில் பாலங்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். பாலத்தைவிட மீனைப் பற்றி எழுதினால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன். மீன் சாப்பிடாத அன்பர்கள் இதைத் தண்ணீரைப் பற்றிய பாடமாக எடுத்துக்கொள்ளலாம். பாதிக் கட்டுரை தண்ணீரைப் பற்றியதுதான்.

மே மாதத்தில் மைத்தானில் தூண்டில் போடுவது வீண் வேலை என்று அசன்சோல் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். குளிர்காலத்தில் எந்தக் கரையில் மீன் கடித்ததோ அதே கரையில், அதே கல்லின் மேல் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்துவிட்டு, வெறும் பையோடு வீடு திரும்புகிறவர்களின் பேச்சு அது. மீன் எங்கும் ஓடிப்போகவில்லை. கோடையில் அது இருக்கக்கூடிய இடம் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சுருங்கிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், டிசம்பரைவிட மே மாதத்தில்தான் வேலை சுலபம்.

முதலில் தண்ணீர். சித்திரை வெயிலில் நீர்த்தேக்கத்தின் மேல்பரப்பு சூடேறுகிறது. சூடான நீர் லேசானது, மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். இது பள்ளிக்கூடப் பாடம். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 10 டிகிரியில் இருக்கும் நீர் ஒரு டிகிரி சூடேறினால் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 90 கிராம் எடை குறையும். 30 டிகிரியில் இருக்கும் நீர் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 300 கிராம் குறையும். ஆகவே நம் நாட்டு வெப்பத்தில் மேல் நீருக்கும் கீழ் நீருக்கும் மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும். இரண்டும் எளிதில் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். பலத்த காற்று வந்தால்தான் அந்த அடுக்கு குலையும்.

அடுக்கு நின்றால் என்ன கெடுதல்? பிராணவாயு. காற்றிலிருந்தும், நீரில் உள்ள பாசியிலிருந்தும் பிராணவாயு மேல் அடுக்குக்குக் கிடைக்கிறது. கீழ் அடுக்கில் அழுகும் இலையும் சேறும் இருப்பதையும் தின்று தீர்த்துவிடுகின்றன. மேலேயும் நிலைமை தாராளமாக இல்லை. 20 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சமயம் சூட்டில் மீனின் உடம்புக்குப் பிராணவாயுத் தேவை அதிகமாகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி. மேலே அனல், கீழே மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை இருக்கிறது. பகல் நேரத்தில் மீன் அந்தப் பட்டையில்தான் நிற்கும்.

பட்டை எந்த ஆழத்தில் என்று அறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு கனமான பாட்டிலில் ஈயம் கட்டி, கார்க்கால் மூடி, கார்க்குக்குத் தனியாக ஒரு கயிறு கட்டுங்கள். வேண்டிய ஆழத்துக்கு இறக்கிய பிறகு கார்க்கைச் சுண்டி இழுத்தால் அந்த ஆழத்து நீர் பாட்டிலில் நிறையும். மேலே தூக்கியதும் வெப்பமானியை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு மே மாதப் பகலில் மேற்பரப்பில் 33 டிகிரியும், 10 அடியில் 32ம், 20 அடியில் 29ம் பார்த்திருக்கிறேன். எங்கே சட்டென்று குறைகிறதோ, அதற்குச் சற்று மேலே தூண்டில் நிற்க வேண்டும். அடியிலிருந்து எடுத்த நீரில் அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்த ஆழத்தை மறந்துவிடலாம். அங்கே மீன் இராது.

ஆழம் தெரிந்துவிட்டது. ஆனால் மைத்தான் நீர்ப்பரப்பு சுமார் 65 சதுர கிலோமீட்டர். அதில் எந்த இடம்?

இதற்கு அணை வந்த கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1943இல் தாமோதர் நதியில் பெரும் வெள்ளம் வந்தது. அதன் பிறகு அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் பணியாற்றிய வூர்டுயின் என்ற பொறியாளரை வரவழைத்துத் திட்டம் தயாரித்தார்கள். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. பராகர் நதியின் குறுக்கே மைத்தான் அணை 1957இல் திறக்கப்பட்டது. ஆக, நம் அணைக்கு டென்னசி அணைகள் ஒரு வகையில் அக்காள் முறை. அங்கே 1944இல் முடிந்த கெண்டக்கி அணையின் பின்னால் 184 மைல் நீளத்துக்கு ஏரி கிடக்கிறது. அந்த ஏரியில் 'பாஸ்' என்ற பெரிய வாய் கொண்ட வேட்டை மீனைக் கோடையில் பிடிப்பது ஒரு தனி வித்தை. வசந்தத்தில் கரையோரம் முட்டையிட்ட பாஸ், வெயில் ஏறியதும் ஏரியின் நடுவே மூழ்கிக் கிடக்கும் பழைய டென்னசி ஆற்றின் கரை விளிம்புக்குப் போய்விடுகிறது. மின்சாரம் எடுக்க அணையில் நீரைத் திறக்கும்போது அடியில் ஓட்டம் உண்டாகும். அந்த ஓட்டத்தில் சிறு மீன்கள் அடித்து வரும். பாஸ் ஓட்டத்தைப் பார்த்தபடி விளிம்பில் காத்திருக்கும். அங்கத்திய தூண்டில்காரர்கள் ஏரியைத் தேடுவதில்லை, மூழ்கிய ஆற்றைத் தேடுகிறார்கள்.

நமக்கும் அதுவே சூத்திரம். பழைய பராகர் நதி இன்னமும் அடியில் வளைந்து வளைந்துதான் கிடக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கெண்டக்கி ஏரியில் கோடை மட்டம் 359 அடி, குளிர்கால மட்டம் 354 அடி; கோடையில்தான் ஏரி நிறைந்திருக்கும். நம் ஊரில் தலைகீழ். மழை முடிந்ததும் நிறைந்த நீர், பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் போய், மே கடைசியில் வற்றிய நிலைக்கு வந்துவிடும். இது நமக்குச் சாதகம். குளிர்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓடைகள், மரக்கட்டைகள், பாறைகள், பழைய வயல் வரப்புகள் எல்லாம் வெளியே தலைகாட்டும். (அந்த வரப்புகள் அணைக்காக ஊரை விட்டுப் போன குடியானவர்களுடையவை. அவற்றின் மேல் நடக்கும்போது கொஞ்சம் மரியாதையாக நடப்பது என் வழக்கம்.) ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போய்ப் படம் வரைந்துகொள்ளுங்கள். கரையில் வெளிப்பட்டிருக்கும் ஓடை எந்தத் திசையில் நீருக்குள் இறங்குகிறதோ, அதே திசையில் போனால் ஆற்றுப் பள்ளம் வரும். ஓடை ஆற்றில் சேரும் முனைதான் முதல் தரமான இடம். ஆற்று வளைவின் வெளிப்பக்கம் அடுத்தது.

நீருக்குள் இருப்பதை அறிய, எங்கள் இலாகாவில் மழைக்கு முன்னும் பின்னும் பாலத்துத் தூண்களின் அடியில் மண் அரிப்பைப் பார்க்கும் முறையே போதும். 5 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு கிலோ ஈயக்குண்டு. படகு மெதுவாகப் போகையில் இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். 15 அடி, 15 அடி, 16 அடி என்று வந்து திடீரென 28 அடி என்றால் பழைய ஆற்றின் விளிம்பைத் தொட்டுவிட்டீர்கள். ஈயக்குண்டின் அடியில் கொஞ்சம் சோப்பை அப்பி வைத்தால் தரையில் சேறா, மணலா, கல்லா என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். கல்லும் கட்டையும் உள்ள இடம் ரோகுக்குப் பிடிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

பாஸ் வேட்டை மீன். நாம் பிடிக்கும் கட்லாவும் ரோகுவும் மேய்ச்சல் மீன். ஆகவே அமெரிக்கரைப் போலப் பளபளக்கும் போலி மீனை இழுத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது. மேய்ச்சல் மீனின் வாயைப் பாருங்கள், அது எந்த உயரத்தில் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும். கட்லாவின் வாய் மேல் நோக்கித் திறக்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. ரோகுவின் வாய் சற்றே கீழ் நோக்கியது, கீழ் உதட்டில் சீப்பு மாதிரி ஓரம் இருக்கும். மூழ்கிய கட்டையிலும் கல்லிலும் படிந்த பாசியைச் சுரண்டும். மிர்கால் தரையைத் துழாவும். கோடையில் தரையில் மூச்சு முட்டுவதால் மிர்காலும் ஆழத்தை விட்டு, 10, 12 அடி மேட்டுக்கு ஏறி வந்துவிடும். குளிர்காலப் பழக்கத்தில் மிர்காலுக்காக ஆழத்தில் முள்ளை இறக்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

தூண்டில் சாமான் விஷயத்தில் வங்காளிகளை விஞ்ச ஆளில்லை. இங்கே 'சார்' என்றால் மரியாதைச் சொல் அல்ல. மீனை ஓரிடத்தில் கூட்டுவதற்காக நீரில் போடும் தீனி. கடுகுப் பிண்ணாக்கு, தவிடு, வறுத்த வெந்தயம், கூடவே ஏகாங்கி என்ற வாசனைக் கிழங்கு. ஏகாங்கி வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கச்சோலம்தான். ஊருக்குப் போகும்போது வாங்கி வரலாம். சூட்டில் பிண்ணாக்கு சீக்கிரம் புளித்துவிடும். குளிர்காலத்தில் போடுவதில் பாதி போதும். முள்ளில் கோக்க, ரோகுக்கு முசுறு எறும்பின் முட்டையைப் பிசைந்த மாவு. கட்லாவுக்கு ரொட்டியும் சத்து மாவும் சேர்த்து, நீரில் மெல்லக் கரைகிற மாதிரி தளர்வான உருண்டை. தக்கையை நழுவும்படி அமைத்து, கட்லாவுக்குக் காலையில் 4 அடி, பகலில் 10 அடி என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றச் சோம்பல்படுகிறவர் கரையில் தூங்கலாம். வாளை வேண்டுமென்றால் அது பாஸ் மாதிரி வேட்டை மீன்; இருட்டிய பிறகு விளிம்பில் சிறு மீனைக் கோத்துப் போட வேண்டும். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை.

நேரம்: பொழுது விடிந்ததிலிருந்து 8 மணி வரை, பிறகு மாலை 5க்கு மேல். இராத்திரியில் பாசி பிராணவாயுவை உண்டாக்குவதில்லை, செலவு மட்டுமே செய்யும். அதனால் விடியுமுன் மீன் சோர்ந்திருக்கும். வெளிச்சம் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தீனியில் இறங்கும். காற்று எந்தக் கரையை நோக்கி இரண்டு நாளாக அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதக்கும் தீனி ஒதுங்கும். கட்லாவும் அங்கே வரும். அலையடிக்கும் கரை உட்கார வசதியாக இராது என்பதால் பலர் எதிர்க்கரைக்குப் போகிறார்கள். வசதிக்கு உட்காரலாம், மீனுக்கு அல்ல.

இனி நான் சொல்வதைக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் வடமேற்கே கறுத்து எழும் கால்பைசாகிப் புயல் கால் மணி நேரத்தில் வந்து சேரும். அதற்குச் சற்று முன்னால் காற்று நின்று, மீன் வெறிபிடித்த மாதிரி கடிக்கும். 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று தோன்றும். அந்த நேரம்தான் எழுந்திருக்க வேண்டிய நேரம். 2022 பிப்ரவரியில், கால்பைசாகிக் காலம் தொடங்கும் முன்பே, இதே பராகர் நீர்ப்பரப்பில் பயணிகள் படகு ஒன்று புயற்காற்றில் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். எனக்குப் படகு ஓட்டுகிறவர் வானத்தை ஒரு பார்வை பார்த்து, "தாதா, சலுன்" என்று ஒரே ஒரு முறை சொல்வார். புறப்படலாம் என்று அர்த்தம். தக்கை முழுகிக்கொண்டிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுப் புறப்படுவோம். கிராஃபைட் கோலை வானத்தில் தூக்கிப் பிடித்து நிற்பது இடியை அழைப்பதற்குச் சமம். படகில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை வேண்டும்; அது இல்லாத படகில் நான் ஏறுவதில்லை. அணைச் சுவருக்கும் மின்நிலையத்துக்கும் அருகே தூண்டில் போடக் கூடாது. மற்ற இடங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று கழக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புயல் போன மறுநாள் காலை அருமையான காலை. மேல் நீர் குளிர்ந்து, அடுக்கு கலைந்து, மீன் எல்லா ஆழத்திலும் உலாவும். ஆனால் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால், அடியில் இருந்த கெட்ட நீர் மேலே வந்துவிட்டது என்று பொருள். அன்று கோலைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். மூச்சுக்குத் தவிக்கிற மீனைக் கைவலையால் அள்ளுவதைத் தூண்டில் வித்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஜூன் 15க்கு மேல் நான் போவதில்லை. கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. முதல் வெள்ளம் வந்ததும் நதி நீர்த்தேக்கத்தில் விழும் வாய்க்குப் போய்க் கூடும். அப்போது பிடிப்பது வெகு சுலபம். ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகுவின் வயிற்றில் சுமார் 2 லட்சம் முட்டை இருக்கும். மைத்தான் திறந்த அதே 1957இல்தான் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி ஊசி மருந்து மூலம் இந்தக் கெண்டை இனங்களைக் குளத்தில் முட்டையிட வைத்தார். அதற்கு முன் நாட்டின் மீன் குஞ்சு பெரும்பாலும் நதியிலிருந்து வர வேண்டியிருந்தது. இன்று பண்ணைக் குஞ்சுகளை நீர்த்தேக்கங்களில் விடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நதியில் தானாகப் பிறக்கும் குஞ்சுக்கு ஈடு கிடையாது. பல மாநிலங்களில் மழை மாதங்களில் தடை இருப்பதும் இதற்காகத்தான். மே கடைசியிலேயே வயிறு உப்பிய மீன் வந்தால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். நீருக்கு வெளியே வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த வெயிலில் பிழைக்காது.

பிடித்த மீனைச் சமைப்பது பற்றி: என் மனைவி தூத்துக்குடிக்காரி. ஏரி மீனில் சேற்று வாடை என்று முதல் பத்து வருஷம் அடுப்பில் ஏற்றவே இல்லை. இப்போது புளித்தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, மஞ்சளும் உப்பும் பிசறிக் கழுவி, பூண்டு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைக்கிறாள். பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா கடுகு அரைத்து வைப்பதற்கு இது ஈடாகாது என்று நான் சொல்வதில்லை.

ஜூன் நடுவில் ரீலைக் கழற்றி, மணலைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் வரைந்த படத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள். அக்டோபரில் நீர் நிறைந்து தெளிந்த பிறகு, அந்த ஓடையும் கட்டையும் எங்கே இருக்கின்றன என்று கரையில் நிற்கிறவர்களில் உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.